யாருக்காக அழுகிறோம்?

வானூர் பக்கத்தில் எங்கள் ஊரில் பெரியப்பா இறந்தபோது, அத்தை தெருமுனையிலிருந்தே ஒப்பாரி வைத்தபடி வந்தார். பெண்களோடு தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், முதலில் அண்ணனை அழுதார். பிறகு பாட்டு திரும்பியது. தனக்கு நின்றுபோன தாய்வீட்டுச் சீர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிலம் என்று ஒவ்வொன்றாக வந்தது. பந்தலில் இருந்த ஆண்கள் தடுக்கவில்லை. “பொம்பளைங்க அழுதா ஆறிடும்” என்றார் ஒருவர்.

ஐசபெல் கிளார்க்-டெசேஸ், பழைய தென்னாற்காட்டுக் கிராமங்களில் தங்கிக் கேட்ட சாவுப் பாடல்களைப் பற்றி 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். ஒப்பாரியில் பெண்கள் தங்கள் இழப்புகளையே அழுகிறார்கள் என்பது அதன் மையக் கருத்து. அத்தையைக் கேட்டவள் என்பதால் இதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: தனக்காக அழுகிறாள் என்று கண்டபின், அவள் கேட்பது என்ன என்று யார் கேட்பது?

துக்கம் நோயல்ல, உறவு இருக்கும்வரை பிரிவும் இருக்கும். ஒப்பாரிக்கு இது தெரியும். அது ‘அழாதே’ என்று சொல்வதில்லை; ஒருத்தியின் துக்கத்துக்குப் பக்கத்தில் இன்னொருத்தியை உட்காரவைக்கிறது. வலியை ஏற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆனால் பெண்ணிடம் ‘ஏற்றுக்கொள்’ என்றால், பொறுமையில் பூமாதேவியாக இரு என்றே பொருளாகிவிடுகிறது. அத்தையின் பாட்டில் இரண்டு வலிகள் ஒரே ராகத்தில் வந்தன. சாவு இயற்கை. நிலம் போனது இயற்கையல்ல.

1989இல் தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தம், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அதற்கு முன்பே திருமணமானவர்களை விலக்கிவைத்தது. அந்த நூல் வந்த அதே 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. 1989க்கு முன்பே கல்யாணமான அத்தைக்கும் உரிமை வந்தது. வந்த வேகத்தில் அண்ணன்மார் பத்திரத்தோடு வந்தார்கள். ஆரோவில் பக்கம் நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்ற பயத்தில் அத்தை கையெழுத்துப் போட்டார். பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்.

‘அழுதால் ஆறிவிடும்’ என்ற வாக்கு இந்த இரண்டாவது வலியையும் முதலாவதோடு சேர்த்துப் புதைக்கிறது. சாவுவீட்டில் மட்டும் பேச அனுமதி. மறுநாள் பேசினால் சண்டைக்காரி. ஒப்பாரியை நாட்டார் கலையாக மட்டும் கொண்டாடும்போது நாமும் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கருமாதி முடிந்த அன்று அத்தையிடம் கேட்டேன், மனம் ஆறியதா என்று.

“அண்ணன் போனது ஆற வேணாம்மா, அது அப்படியே இருக்கட்டும்” என்றார். “நெலத்த அழுதேனே, அது ஒங்களுக்குக் கேக்கணும்னுதான் அழுதேன்.”