செவிவழி வாசிப்பும் மக்கள் இலக்கியமும்

காலை வேளையில் மருதானைப் புகையிரத நிலையத்தின் மேடையில் சிறிது நேரம் நின்று பார்ப்போர்க்கு, நமது காலத்து வாசிப்பின் நிலைமை ஓரளவு விளங்கும். ராகமை, கம்பஹா வழியாக ஒரு திரள். மொரட்டுவை, பாணந்துறை வழியாக இன்னொரு திரள். எழுதுவினைஞர், கடைச் சிப்பந்திகள், தாதியர், மாணவர் என உழைத்துண்ணும் மக்களே இத்திரளிற் பெரும்பாலோர். முன்னொரு காலத்தில் இவர்களுடைய கக்கத்தில் மடித்த பத்திரிகை இருந்தது. இன்று காதில் இயர்போன் இருக்கிறது. அதன் வழியே பாட்டுக் கேட்போர் பலர். செய்தி கேட்போர் சிலர். நாவலோ சிறுகதையோ கேட்போரும் இப்போது உளர். இவ்வாறு குரலிற் பதிந்து கேட்கத் தரப்படும் நூலையே ‘ஒலிநூல்’ என்கிறோம்.

இவ்வொலிநூலைக் குறித்து நம்மிடையே இரு கட்சிகள் தோன்றியுள்ளன. ‘வாசிப்பு மாண்டுவிட்டது, கேட்பது வாசிப்பாகாது’ என்று பெருமூச்செறிவோர் ஒரு கட்சியினர். ‘இனிப் புத்தகம் எதற்கு? நடந்துகொண்டே கேட்கலாம், சமைத்துக்கொண்டே கேட்கலாம்’ என்று விளம்பரக்காரரின் வாய்பாட்டை ஒப்புவிப்போர் மறு கட்சியினர். இரு சாராருமே கண்ணுக்கும் காதுக்கும் வழக்குத் தொடுத்து, தீர்ப்புக் கூற முந்துகின்றனர். நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. எந்த நூல், யாருடைய குரலில், யாருடைய தெரிவில், யாருக்காக ஒலிக்கிறது? இலக்கியத்தை மக்களின் உடைமையாகக் கருதுவோர் முதலில் ஆராய வேண்டியது இதனையே.

கேட்பது வாசிப்பாகாது என்போர் தமிழரின் கல்வி மரபை மறந்தவராவர். திருக்குறளில் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நூல் கல்லாதவனும் கேட்டறிதல் வேண்டும் என்றார். ஈழத்தில் இம்மரபு புராணபடனமாக வளர்ந்தது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரே கூடியிருந்து கந்தபுராணம் கேட்டது. நவீன தமிழ் உரைநடையின் முன்னோடி என நாம் போற்றும் ஆறுமுகநாவலர், 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கியவர். அவருடைய வசனத்தின் தெளிவுக்கும் நிறுத்தத்துக்கும், செவியை நோக்கிப் பேசிய பழக்கம் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

ஆயினும், இம்மரபைப் புகழ்ந்துவிட்டு அப்பாற் செல்ல நம்மால் இயலாது. கந்தபுராணம் கேட்கக் கூடிய ‘ஊர்’ எது? கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் அவ்வூரின் கணக்கிற் சேர்ந்தனரா? ஆலயப் பிரவேசத்துக்காக மாவிட்டபுரத்தில் 1968இலும் போராட வேண்டியிருந்தது என்னும் உண்மையே இதற்கு விடை. ஒலிக்கு மதிலில்லை என்பர். ஆனால் ஒலிக்கும் இடத்திற்கு மதிலுண்டு. என்ன ஒலிக்கலாம் என்று தீர்மானிப்போர்க்கும் சாதியுண்டு, வர்க்கமுண்டு.

மதிலுக்கு வெளியே, உழைப்பாளர் தமக்கென ஒரு கேள்வி மரபைத் தாமே ஆக்கிக்கொண்டனர். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர் வரிசையாக அமர்ந்து சுருட்டுச் சுற்றுவர்; ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரக்க வாசிப்பார். கை புகையிலையில் இருக்கும். காது கதையில் இருக்கும். கிராமத்து வாசிகசாலைகளிலும், எழுத்தறிந்த இளைஞன் வாசிக்க, எழுத்தறியா முதியோர் திண்ணையிலிருந்து கேட்டனர். வாசித்து முடிந்ததும் வாக்குவாதம் எழுந்தது. அந்த வாக்குவாதமே பலருக்கு அரசியலின் அரிச்சுவடியாயிற்று.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கன்று. 1865இல் கியூபாவின் ஹவானா நகரில், ‘எல் ஃபிகாரோ’ என்னும் சுருட்டுத் தொழிற்சாலையில் இத்தகைய வாசிப்பு ஒழுங்காகத் தொடங்கியது. வாசிப்போனைத் தெரிந்தெடுத்தவர்கள் தொழிலாளர்கள். அவனுக்குக் கூலி கொடுத்தவர்களும் அவர்களே. எந்த நூலை வாசிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தனர். விக்டர் ஹியூகோவும் அலெக்சாந்தர் டூமாவும் பள்ளிக்கூடம் காணாத மனிதரின் உறவினராயினர். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி இதற்குத் தடை விதித்தது. ஆளும் வர்க்கம் இலக்கியத்தின் வலிமையைச் சில வேளைகளில் இலக்கிய விமர்சகரினும் நன்றாக அறிந்து வைத்திருக்கிறது!

இவ்வழக்கம் கியூபத் தொழிலாளரோடு கடல் கடந்து, அமெரிக்காவின் டாம்பா நகருக்கும் சென்றது. 1931இல் அங்குள்ள முதலாளிகள், வாசிப்போர் புரட்சிக் கருத்துகளைப் பரப்புகின்றனர் எனக் குற்றஞ்சாட்டி அவர்களை வெளியேற்றினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. வாசிப்போன் இருந்த மேடைக்கு வானொலிப் பெட்டி வந்தது. கொட்டிலில் ஒலி நிற்கவில்லை. ஆனால் அதைத் தெரிந்தெடுக்கும் உரிமை தொழிலாளரின் கையை விட்டுப் போயிற்று. இன்றைய ஒலிநூலைப் பற்றிப் பேசும்போது இந்த 1931ஆம் ஆண்டை நாம் நினைவில் வைத்திருத்தல் அவசியம்.

எனினும் வானொலிப் பெட்டியையே பகைப்பொருளாகக் கொள்வது பேதைமை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை நம் இலக்கியத்துக்குச் செய்த தொண்டு சிறிதன்று. இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ என்னும் தொடர் நாடகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கு, அதன் குத்தலும் குழைவும் கெடாமல் ஒலிபரப்பில் ஏறியது. மருதானை ஸாஹிராக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அந்நாடகத்தில் நடித்தவர். அறுபதுகளில் ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் மக்களின் பேச்சைப் பழித்தபோது, முற்போக்கு எழுத்தாளர் மரபுப் போராட்டத்தில் இறங்கி அவ்வழக்கின் இலக்கியத் தகுதியை நிலைநாட்டினர். அப்போராட்டத்திற்கு முன்பே, மக்கள் தம் பேச்சை வானொலியிற் கேட்டு மகிழ்ந்திருந்தனர் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

இனி, ஒலிநூலின் பயன்களுக்கு வருவோம். முதற்பயன் பார்வையற்றோர்க்கு உரியது. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுப் பொறியை அமைத்த மறு ஆண்டே, பார்வையற்றோர்க்குப் பேசும் புத்தகம் ஆக்கலாம் என்று எழுதினார். அது நடைமுறைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. முதல் உலகப் போரிற் கண்ணிழந்த படைவீரரை முன்னிட்டு, 1935இல் பிரித்தானியாவில் பேசும் புத்தக நூலகம் தொடங்கியது. போர் தின்ற கண்களுக்கு ஈடாகக் காது கேட்கப்பட்டது. போரிற் கண்ணிழந்தோர் வாழும் நம் நாட்டுக்கு இதன் பொருளை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. பார்வையற்றோர்க்காக நூல்களை மாற்று வடிவில் ஆக்க இடமளிக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் நிறைவேறியது. 2016இல் இலங்கையும் அதில் இணைந்தது. சட்டத்தின் கதவு திறக்கிறது. ஈழத்துத் தமிழ் நூல்களைக் குரலிற் பதிந்து அக்கதவின் வழியே கொண்டு செல்வோர் எத்தனை பேர்?

இரண்டாவது பயன், ஓய்வு பறிக்கப்பட்டோர்க்கு உரியது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்தைப் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் நின்றபடியே கழிக்கும் தொழிலாளிக்குக் கையில் நூலை விரிக்க இடமில்லை. தேங்காய் துருவியும் துணி துவைத்தும் இரவு பதினொரு மணிக்குப் படுக்கும் பெண்ணுக்கு, நூலை ஏந்தக் கை ஒழிவதில்லை. இவர்களை நோக்கி ‘நீங்கள் வாசிப்பதில்லை’ என்று குறை கூறுவோர், நேரம் என்பதும் வர்க்கத்துக்கேற்பப் பங்கிடப்பட்ட செல்வமே என்பதை உணராதவர். கடதாசியும் அவ்வாறே. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது, கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை மாணவர் மறந்திருக்கமாட்டார்கள். புத்தகம் கைக்கெட்டாப் பொருளாகும் நாட்டில், காதுக்கெட்டும் புத்தகம் வரவேற்கத் தக்கதே.

கேட்டவை மனத்தில் நிற்குமா என்று ஆசிரியர்கள் ஐயுறுவர். ஆராய்ச்சிகள் தரும் விடை நிதானமானது. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வரலாற்றுக் கதையொன்றின் பகுதிகளை வாசித்த வளர்ந்தோர்க்கும் கேட்டோர்க்குமிடையே விளக்கத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில், பாடக்கட்டுரையை வாசித்த மாணவரினும் அதனைக் கேட்ட மாணவர் பரீட்சையில் பின்தங்கினர். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒன்று புலனாகும். கதை காதுக்கு இசையும். வாதம் கண்ணை வேண்டும். நாவலைக் கேட்கலாம். ‘மூலதன’த்தைப் பாதையில் நடந்தவாறு கேட்டு விளங்கிக்கொண்டேன் என்பவர் தம்மையே ஏமாற்றுகிறார். ஒரு வரியில் நிற்கவும், பின்னோக்கிச் செல்லவும், ஓரத்திற் குறிப்பெழுதவும், ஆசிரியரோடு முரண்படவும் அச்செழுத்து இடந்தருகிறது. குரலோ நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இப்போது ஒன்றரை மடங்கு வேகத்திற் கேட்கும் வசதியும் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் நான்கு நூல் ‘முடித்தேன்’ என்று கணக்குக் காட்டுவோரையும் காண்கிறோம். நூலை முடிப்பது நுகர்வோரின் பெருமை. நூலால் மாறுவதே வாசகரின் பெருமை.

இன்னும் கூர்ந்து நோக்க வேண்டியது தெரிவுப் பிரச்சினை. நாம் தேடிப் பார்த்த தமிழ் ஒலிநூற் செயலிகளில், சரித்திர நாவல்களும் துப்பறியும் கதைகளும் ‘வெற்றிக்கு வழி’ கூறும் நூல்களுமே முன்வரிசையில் நின்றன. கல்கியின் நூல்களைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கியதால், ‘பொன்னியின் செல்வ’னுக்குப் பல குரல்கள் வாய்த்தன. அதனை நாம் வெறுக்கவில்லை. ஆனால் டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ எங்கே? கே. டானியலின் ‘பஞ்சமர்’ எங்கே? மலையகத்தின் ஸி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப், கிழக்கின் எஸ். எல். எம். ஹனீபா ஆகியோரின் எழுத்தை அவ்வம்மண்ணின் குரலிற் கேட்க எங்கே செல்வது? சந்தையின் தராசில் மண்ணின் வழக்கு எடை குறைவு. ‘பஞ்சம’ரின் உரையாடலைச் சென்னைக் கலையகமொன்றின் மெருகேறிய குரல் வாசிக்குமாயின், எழுத்தில் ஆசிரியன் போராடிக் காத்த பேச்சு ஒலியிற் சாகும். அச்சில் வாசகன் தன் உள்ளத்துக் குரலால் அவ்வழக்கை நிரப்பிக்கொள்வான். ஒலிநூலிலோ வாசிப்போனின் நா அவனுக்கு முன்னதாகவே தீர்ப்புக் கூறிவிடுகிறது. ஆதலால் ஒலிநூலை விமர்சிப்போர், நூலோடு குரலையும் விமர்சித்தல் வேண்டும். நம்மிடையே அத்தகைய விமர்சனம் இன்னும் வேரூன்றவில்லை.

மற்றுமொரு வேறுபாடும் உண்டு. சுருட்டுக் கொட்டிலிற் கேட்டவர் கூடியிருந்து கேட்டனர். மருதானை மேடையில் நிற்பவர் தனித்தனியே கேட்கின்றனர். நெருங்கி நிற்கும் இருவர் ஒரே நாவலைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், ஒருவரையொருவர் அறியமாட்டார். வாசிப்புக்குப் பின் எழுந்த வாக்குவாதத்தை இயர்போன் அறுத்துவிட்டது. குறை கருவியின் மேலன்று. அதைச் சூழ ஓர் இயக்கத்தைக் கட்டியெழுப்பாத நம் மேலேயே.

நாம் செய்யத்தக்கது என்ன? 1942இல் தொடங்கப்பெற்று வெள்ளவத்தையில் இயங்கிவரும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு நூலகமும் மண்டபமும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தியதோடு, ஒலி ஆவணங்களையும் சேர்த்து வருகிறது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த மக்கள், எழுத்தைப் பல வடிவிற் காக்கவேண்டும் என்னும் பாடத்தைப் பிறரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மருதானையிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், தம் மாணவரைக் கொண்டு மாதம் ஒரு சிறுகதையைக் குரலிற் பதியலாம். மலையக மாணவி மலையகக் கதையையும், மன்னார் மாணவன் மன்னார்க் கதையையும் வாசிக்கலாம். ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டுகள்வரை பதிப்புரிமை நிலவுவதால், எழுத்தாளரிடமோ அவர்தம் குடும்பத்தாரிடமோ இசைவு பெறுவது கடமை. பார்வையற்ற மாணவர் இதன் முதல் வாசகராகட்டும். பதிந்ததைக் கூடியிருந்து கேட்டு விவாதிக்க ஒரு மாலைப் பொழுதும் ஒதுக்கப்படட்டும்.

வீட்டிலும் பள்ளியிலும் நாளொன்றுக்கு அரைமணி நேரம் அச்சு நூலை வாசிக்கும் பழக்கம் இதனால் குறையவேண்டியதில்லை. கேட்ட கதையின் ஆசிரியரைத் தேடி மாணவன் நூலகத்துக்குச் செல்லும் நாளில், ஒலிநூல் தன் கடமையைச் செய்ததாகும். காதும் கண்ணும் ஒன்றையொன்று அழைத்துச் செல்லும் வழியை அமைப்பதே ஆசிரியர் பணி.

ஹவானாத் தொழிலாளி தன் கூலியிலிருந்து ஒரு காசை ஈந்து, தனக்கு வேண்டிய நூலைத் தன்னவன் குரலிற் கேட்டான். கருவிகள் பெருகிய இன்றைய நாளில் அந்த உரிமை நமக்குக் குறைந்திருக்கிறதென்றால், அது விஞ்ஞானத்தின் குற்றமன்று. வாசிப்போனின் மேடை காலியாகக் கிடக்கிறது. அதில் ஏற வேண்டியவர்கள் நாமே.