ராஜா வீட்டுக் கணக்கு

2022 தீபாவளி ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத்தான் லண்டனில் ரிஷி சுனக் கன்சர்வேடிவ் கட்சித் தலைவரானார். மறுநாள் பிரதமர். நம் டி.வி. சேனல்களுக்குத் தனியாகப் பட்டாசே தேவைப்படவில்லை. இருநூறு வருஷம் நம்மை ஆண்டவனை நம்ம ஆள் ஆளப்போகிறார் என்று ஒரே குதூகலம். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியின் மாப்பிள்ளை என்பதால், பாதி இந்தியாவுக்கே அவர் மாப்பிள்ளையாகிவிட்டார்.

தோலின் நிறத்தைக் கொண்டாடிய அவசரத்தில் பர்ஸின் கனத்தை நாம் சரியாகக் கவனிக்கவில்லை.

லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ வருஷா வருஷம் பணக்காரர் பட்டியல் ஒன்று வெளியிடும். 2022 பட்டியலில் சுனக் - அக்ஷதா தம்பதியின் சொத்து 73 கோடி பவுண்டு. அதே பட்டியலில் எலிசபெத் ராணிக்கு 37 கோடி. 2025-ல் ராஜா சார்லஸும் சுனக் தம்பதியும் சரிசமம், தலா 64 கோடி. இதெல்லாம் பத்திரிகையின் மதிப்பீடுதான், பாஸ்புக்கைப் பார்த்து எழுதியதல்ல. ஆனாலும் ஜனநாயகத்தின் தாய்வீடு என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த நாட்டில், ஓட்டு வாங்கி வந்தவரும் பிறந்த வீட்டால் வந்தவரும் ஒரே பணக்காரர் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

பணக்காரர் பிரதமராவது குற்றமா? இல்லை. ஏழையாக இருப்பது ஒரு தகுதியும் இல்லை. என் கேள்வி வேறு. இவர்களிடம் கணக்குக் கேட்க முடியுமா? மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கே புரியும்.

முதல் ஆள் சுனக். அப்பா டாக்டர், அம்மா மருந்துக்கடை நடத்தியவர். நாம் ‘வசதியான குடும்பம்’ என்போமே, அந்த ரகம். பையனை வின்செஸ்டர் கல்லூரியில் சேர்த்தார்கள். கல்லூரி என்றுதான் பெயர், பள்ளிக்கூடம்தான். பிரிட்டனில் கட்டணம் வாங்கும் இந்தப் பழைய, பெரிய பள்ளிகளுக்கு ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று பெயர். பப்ளிக் உள்ளே வர முடியாது என்பதால் வைத்த பெயர் போலிருக்கிறது! அந்த நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேர்தான் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் ஈட்டன் என்ற ஒரே ஒரு பள்ளி மட்டும் இதுவரை 20 பிரதமர்களைத் தந்திருக்கிறது. 2025-ல் வரியும் சேர்ந்தபோது அங்கே ஒரு பையனுக்கு வருஷக் கட்டணம் 60,000 பவுண்டைத் தாண்டிவிட்டது.

2001-ல், மாணவராக இருந்த சுனக் ஒரு பி.பி.சி. ஆவணப்படத்தில் பேசினார். பிரபு வீட்டு நண்பர்கள் உண்டு, மேல்தட்டு நண்பர்கள் உண்டு, தொழிலாளி வர்க்கத்திலும் உண்டு என்று அடுக்கிக்கொண்டே போனவர், சட்டென்று நிறுத்தி, தொழிலாளி வர்க்கத்தில் இல்லை என்று தானே திருத்திக்கொண்டார். 2022-ல் இந்தத் துண்டுப் படம் மறுபடி ஊர் சுற்றியது. 2024 தேர்தல் சமயத்தில் இன்னொரு பேட்டி. சின்ன வயதில் எது கிடைக்காமல் வளர்ந்தீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்: ‘ஸ்கை டி.வி.’ கேபிள் கனெக்‌ஷன் மாதிரி, மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற சமாச்சாரம். நாடே சிரித்தது. எனக்கென்னவோ அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று தோன்றுகிறது. அவர் வளர்ந்த வீட்டில் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் ஆழம்.

அவர் நிதியமைச்சராக இருந்தபோது, 2022 ஏப்ரலில், மனைவியின் வரி விவகாரம் வெளியே வந்தது. பிரிட்டனில் குடியிருந்துகொண்டே, ‘என் நிரந்தர வீடு வேறு தேசம்’ என்று சொல்லி, வெளிநாட்டில் வரும் வருமானத்துக்கு பிரிட்டனில் வரி கட்டாமல் இருக்க அப்போது ஒரு வழி இருந்தது. அதற்கு வருஷத்துக்கு 30,000 பவுண்டு கட்டணம். முழுக்கச் சட்டபூர்வம். ஆனால் ஊருக்கெல்லாம் வரி போடுகிறவர் வீட்டிலேயே இப்படியா என்று பத்திரிகைகள் கேட்டன. சில நாட்களில் அந்த அம்மாள், இனி எல்லா வருமானத்துக்கும் இங்கேயே வரி கட்டுகிறேன் என்று அறிவித்தார். 2025 ஏப்ரலில் அந்தச் சட்ட வசதியே ஒழிந்தது. நடுவில், 2024 ஜூலை தேர்தலில் சுனக்கின் கட்சி 121 இடங்களோடு சரிந்தது. காரணம் பணம் மட்டுமல்ல, பதினான்கு வருஷ ஆட்சியின் அலுப்பு. எப்படியோ, கேள்வி கேட்டார்கள், பதில் வந்தது. பிடிக்கவில்லை, அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது ஆள் ஏஞ்சலா ரெய்னர். ஸ்டாக்போர்ட் ஊரில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 16 வயதில், கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல், வயிற்றில் குழந்தையோடு பள்ளியை விட்டார். முதியோரைக் கவனித்துக்கொள்ளும் வேலை, பிறகு தொழிற்சங்கம், பிறகு நாடாளுமன்றம், 2024-ல் துணைப் பிரதமர். சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம்.

2025-ல் ஹோவ் என்ற கடற்கரை ஊரில் எட்டு லட்சம் பவுண்டுக்கு ஒரு ஃப்ளாட் வாங்கினார். அதற்கான பத்திர வரியில் சுமார் 40,000 பவுண்டு குறைவாகக் கட்டியிருந்தார். ஊனமுற்ற மகனுக்காக ஏற்படுத்திய டிரஸ்ட், அதில் இருந்த பழைய வீடு, இது இரண்டாவது வீடாகக் கணக்கில் வருமா வராதா என்று ஒரு சிக்கல். விசாரித்த ஆலோசகர், அவர் நேர்மையாகவே நடந்தார், ஆனால் இந்த விஷயத்தில் தேர்ந்த வரி நிபுணரிடம் கேட்டிருக்க வேண்டும், அமைச்சருக்கான விதி மீறப்பட்டது என்றார். செப்டம்பர் 5-ம் தேதி ரெய்னர் ராஜினாமா. 

தீர்ப்புச் சொன்ன அந்த ஆலோசகர் சர் லாரி மேக்னஸ், பரம்பரையாக வரும் ‘பேரோனட்’ பட்டத்துக்குச் சொந்தக்காரர். அவர் தீர்ப்பில் நான் குறை சொல்லவில்லை. 2023-ல் நதீம் ஸஹாவி என்ற பெரும் பணக்கார அமைச்சரும் இதே ஆலோசகரின் அறிக்கையால்தான், வரி விவகாரத்தில் பதவி இழந்தார். சட்டம் ஒன்றுதான். ரெய்னர் கட்டவேண்டியது கட்டவில்லை, போனார். வீட்டுவசதித் துறை அமைச்சரே வீட்டு வரியில் தவறலாமா? கூடாது. நியாயம்.

இப்போது மூன்றாவது ஆளுக்கு வருவோம். 

2022 செப்டம்பர் 8-ம் தேதி எலிசபெத் ராணி காலமானார். அம்மாவின் தனிச்சொத்து மகனுக்கு வந்தது. பிரிட்டனில் ஒருவர் இறந்து சொத்தை விட்டுச் சென்றால், பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகைக்கு 40 சதவிகிதம் வாரிசு வரி. சார்லஸ் எவ்வளவு கட்டினார்?

ஒரு பென்னிகூட இல்லை. கட்ட வேண்டியதும் இல்லை.

1992-ல் வின்ட்ஸர் கோட்டை தீப்பிடித்து எரிந்தது. சீரமைக்கும் செலவை யார் தலையில் கட்டுவது என்று மக்கள் கொதித்தார்கள். வரியே கட்டாத குடும்பத்துக்கு எங்கள் வரிப்பணமா என்றார்கள். ராணி இறங்கி வந்து, 1993 முதல் தாமாக முன்வந்து வருமான வரி கட்டுவதாகச் சொன்னார். ஜான் மேஜர் அரசோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதிலேயே ஒரு வரி: ஒரு முடியிலிருந்து அடுத்த முடிக்குப் போகும் சொத்துக்கு வாரிசு வரி கிடையாது. ‘தாமாக முன்வந்து’ என்பதைக் கவனியுங்கள். நீங்களும் நானும் தாமாக முன்வந்தா வருமான வரி கட்டுகிறோம்?

ரெய்னர் 40,000 பவுண்டு குறைத்துக் கட்டியது விதிமீறல். ராஜா கட்டாத கோடிகள் விதிமீறலே இல்லை, ஏனென்றால் விதியே அப்படித்தான் தைக்கப்பட்டிருக்கிறது. அளவெடுத்துத் தைத்த சட்டை யாருக்காவது பிடிக்குமா, இறுக்குமா? இதைத்தான் வர்க்கச் சலுகை என்கிறேன். சட்டத்தை மீறுவது சின்னப் பணக்காரன் வேலை. உண்மையான மேல்தட்டுக்கு அந்தச் சிரமமே தேவைப்படுவதில்லை.

இன்னும் கேளுங்கள். ராஜாவுக்கு லங்காஸ்டர் எஸ்டேட், பட்டத்து இளவரசருக்கு கார்ன்வால் எஸ்டேட். இரண்டுமே கம்பெனி வரி கட்டுவதில்லை. லங்காஷயர் பக்கம் ஒருவர் உயில் எழுதாமல், உறவினர் யாரும் இல்லாமல் இறந்துபோனால் அவருடைய வீடும் சேமிப்பும் எங்கே போகும் தெரியுமா? ராஜாவின் எஸ்டேட்டுக்கு. கார்ன்வாலில் இறந்தால் இளவரசரின் எஸ்டேட்டுக்கு. மத்த ஊர் என்றால் அரசு கஜானாவுக்கு. அப்படி வரும் பணத்தில் பெரும்பகுதி தர்மத்துக்குப் போவதாகத்தான் சொல்லிவந்தார்கள். அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விடும் வீடுகளைப் பழுதுபார்க்கச் செலவிட்டதை 2023-ல் ‘கார்டியன்’ வெளியிட்டது.

2024-ல் ‘சேனல் 4’ தொலைக்காட்சியும் ‘சண்டே டைம்ஸு’ம் சேர்ந்து இந்த எஸ்டேட்களின் வாடகைக் கணக்கைத் தோண்டின. லண்டனில் ஓர் அரசு மருத்துவமனை நிர்வாகம், ஆம்புலன்ஸ்களை நிறுத்த ஒரு கிடங்குக்கு 15 வருஷத்தில் 1.14 கோடி பவுண்டு வாடகை தர ஒப்பந்தம். வாங்குவது ராஜாவின் எஸ்டேட். டார்ட்மூர் சிறைச்சாலை, தரையிலிருந்து கசியும் ரேடான் வாயுவால் கைதிகளையே காலி செய்துவிட்ட இடம். அதற்கும் வருஷத்துக்கு 15 லட்சம் பவுண்டு வாடகை. வாங்குவது இளவரசரின் எஸ்டேட். காலி ஜெயிலுக்கு வாடகை! கட்டுவது யார்? சம்பளத்தில் வரி பிடித்தம் செய்யப்படும் நர்ஸும் பஸ் டிரைவரும்.

சரி, கேட்டுவிடலாமே என்கிறீர்களா? அங்கேதான் சங்கதி. தகவல் அறியும் சட்டம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் ராஜாவும் பட்டத்து இளவரசரும் அரசோடு நடத்தும் கடிதப் போக்குவரத்தை அந்தச் சட்டத்தின்கீழ் கேட்க முடியாது. 2010-ல் திருத்தம் செய்து முழு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரின்ஸ் ஃபிலிப்பின் உயிலை 90 வருஷத்துக்கு மூடி முத்திரை வைத்தது நீதிமன்றம். அரச குடும்பத்தின் சொத்தையோ உரிமையையோ தொடுகிற மசோதா என்றால், நாடாளுமன்றம் நிறைவேற்றுவதற்கு முன்பே அரண்மனைக்கு அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும். எலிசபெத் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள் இப்படிப் போய்வந்ததாக 2021-ல் ‘கார்டியன்’ கணக்கெடுத்தது. 1973-ல் கம்பெனிப் பங்குகளின் உண்மையான சொந்தக்காரர் யார் என்று வெளிப்படுத்த ஒரு மசோதா வந்தபோது, ராணியின் வக்கீல் அதிகாரிகளைப் பார்த்துப் பேசி, ராணியின் பங்குகள் வெளியே தெரியாதபடி ஏற்பாடு செய்த கதை அரசு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது. சம்மதம் என்பது வெறும் சம்பிரதாயம் என்றது அரண்மனை. வெறும் சம்பிரதாயம் என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?

ராஜா ஒருத்தர்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். மேலே ஒரு நாற்காலி பிறப்பால் நிரம்பினால், அதன் கீழே பத்து நாற்காலிகளுக்கு அதே நியாயம் வந்துவிடும். பிரபுக்கள் சபையிலிருந்து பரம்பரைப் பிரபுக்களை 1999-ல் வெளியேற்றியபோதும் 92 பேரை மட்டும் மிச்சம் வைத்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் ‘இடைத்தேர்தல்’ நடத்திவந்தார்கள். 2016-ல் நடந்த ஒன்றில் வேட்பாளர்கள் ஏழு பேர், வாக்காளர்கள் மூன்றே பேர்! ஜெயித்தவர் தர்சோ பிரபு. மூன்று ஓட்டும் அவருக்கே. 2015 பொதுத்தேர்தலில் எம்.பி.யாக இருந்த அவரை மக்கள் தோற்கடித்திருந்தார்கள். ஊர் மக்கள் வேண்டாம் என்றவரை மூன்று பிரபுக்கள் வேண்டும் என்றார்கள், விஷயம் முடிந்தது. அந்த 92 இடங்களையும் ஒழிக்கும் மசோதாவை 2024-ல் வந்த லேபர் அரசு கொண்டுவந்தது. நடுவில் கால் நூற்றாண்டு போய்விட்டது.

‘ராஜா இல்லாத நாட்டில் மட்டும் என்ன வாழுதாம்? இத்தாலியில் பெர்லுஸ்கோனி வரவில்லையா? அமெரிக்காவில் டிரம்ப் வரவில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ராஜாவை அனுப்பினால் பணக்காரர்கள் மறைந்துவிட மாட்டார்கள். நாமும் 1971-ல் மகாராஜாக்களுக்குக் கொடுத்த மன்னர் மானியத்தை நிறுத்தினோம். வாரிசுகள் ஒழிந்தார்களா என்ன? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதைச் சொல்ல டோனி பென் என்ற மனிதரின் கதை வேண்டும்.

பென் லேபர் எம்.பி. அப்பா பிரபு. 1960-ல் அப்பா இறந்ததும் பட்டம் தானாக மகன் தலையில் விழுந்தது. பிரபு மக்கள் சபையில் இருக்கக்கூடாது என்று பதவி போனது. இடைத்தேர்தலில் நின்றார், ஜெயித்தார். செல்லாது என்று தோற்றவருக்கே இடத்தைக் கொடுத்தார்கள். பிறப்பால் வந்ததை உதற ஒரு மனிதன் மூன்று வருஷம் போராட வேண்டியிருந்தது. 1963-ல் பட்டத்தைத் துறக்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் பிரதமரான, ஈட்டனில் படித்த ஹோம் பிரபு, பதவியேற்ற கையோடு அதே சட்டத்தைப் பயன்படுத்தித் தன் பட்டத்தைத் துறந்தார். பென் இடித்துத் திறந்த கதவு வழியாக முதலில் உச்சிக்குப் போனது இன்னொரு பிரபு!

அந்த பென் பிற்காலத்தில், அதிகாரத்தில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் ஐந்து கேள்வி கேட்கச் சொன்னார். உன் அதிகாரம் என்ன, எங்கிருந்து வந்தது, யாருக்காகப் பயன்படுத்துகிறாய், யாருக்குப் பதில் சொல்வாய் என்று போய், கடைசியாக, உன்னை எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்று முடியும்.

சுனக்கிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டார்கள், போனார். ரெய்னரிடம் கேட்டார்கள், போனார். மூன்றாவது ஆளிடம் நான்காவது கேள்வியைக்கூடக் கேட்க முடியவில்லை. இளவரசர் வில்லியம் தன் எஸ்டேட்டிலிருந்து 2023-24-ல் 2.36 கோடி பவுண்டு பெற்றார். எவ்வளவு வரி கட்டினார் என்பதை அப்போது வெளியிடவில்லை. அதற்கு முன் அப்பாவாவது வெளியிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை லண்டனில் நம்ம ஆள் யாராவது பெரிய பதவிக்கு வந்தால் தாராளமாக இனிப்பு கொடுங்கள். கூடவே, அவர் போய்க் குனிந்து கைகுலுக்கும் அந்த வீட்டுக்காரரிடம் கணக்குக் கேட்கிற தைரியம் அவருக்கு உண்டா என்றும் பாருங்கள்.