யாழ் வருணனையும் கைவினை நோக்கும்

பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றன. இவ்விரிவினைப் பாட்டின் முகப்பில் அமைந்த அணியெனக் கொண்டு கடந்து செல்வாரும் உளர். யாழின் உருவத்தை மீட்டற்குரிய சான்றெனக் கொள்வாரும் உளர். 1947இல் வெளிவந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ்நூல் பின்னைய நெறியிற் பெறப்பட்ட பெரும்பயனாகும். எனினும், ஈண்டு வேறொரு வினாவும் எழுப்புதற்குரியது. கையாற் செய்த கருவி காண்பார் உள்ளத்தை ஈர்ப்பது எதனால்? பொருநராற்றுப்படையும் மலைபடுகடாமும் இதற்கு இருவேறு வகையான் விடை தருகின்றன.

முடத்தாமக்கண்ணியார் காண்பானது கண்கொண்டு யாழை நோக்குகின்றார். பத்தலுக்கு மான்குளம்பு பதிந்த சுவடும், போர்வையின் நிறத்திற்கு விளக்கின் சுடரும், ஆணிக்கு வளைவாழ் நண்டின் கண்ணும், வறுவாய்க்கு எட்டாம் நாள் திங்களும், கோட்டிற்குத் தலையெடுத்த பாம்பும் உவமையாகின்றன. இவற்றுள் விலையுயர்ந்தது ஒன்றும் இல்லை; வழிச்செல்லும் பொருநன் கண்டு பழகியனவே. உறுப்பெல்லாம் கூடிய பின்னரே முழுயாழ் மணக்கோலம் பூண்ட மகளாகத் தோன்றுகின்றது. பழகிய பொருள்கள் பல ஒன்றுகூடிப் புதியதோர் எழிலாதலே ஈண்டு ஈர்ப்பு.

பெருங்கௌசிகனாரோ செய்வானது கைகொண்டு நோக்குகின்றார். அவர்பாலும் உவமை உண்டு. ஆயின் பகுதியை நடத்திச் செல்வன வினைகளே. குரலிசை கேட்டு நரம்பு தொடுத்தல், அதன் குற்றம் நீங்கத் தீற்றுதல், நுண்துளை இடுதல், பத்தலைப் பசையாற் சேர்த்தல், துளை நிறைய ஆணி முடுக்குதல் என வினையெச்சங்கள் அடுக்கி வருகின்றன. யானைக்கோட்டு யாப்பும் போர்வையும் புதியன என்பதை இருமுறை கூறுகின்றார். பழுதுற்ற உறுப்பை மாற்றிப் புதுக்குதற்கு இடந்தரும் கருவி அஃது என்பது இதனாற் போதரும்.

நரம்பின் குற்றம் நீங்கியமையையும், துளையினை ஆணி நிறைத்தமையையும் இரு புலவரும் தவறாது சுட்டுகின்றனர். இவ்வொற்றுமை கருதத்தக்கது. அழகெனப்படுவது மேற்பூச்சன்று, உறுப்போடு உறுப்புப் பொருந்திய பொருத்தமே என்பது இருவர்க்கும் உடன்பாடு.

ஆயினும், உந்தி அளவிற் பிறழாது அமைந்தது எனக் கூறிய கௌசிகனார், அவ்வளவு யாதெனக் கூறிற்றிலர். செய்முறையைச் சொல்லிற் காட்டிய புலவரும் அளவினைத் தச்சன் கையிலேயே விட்டுவிட்டார். கைவழி அற்றபின் அவ்வளவும் அற்றது. பிற்காலத்தார் அதனைக் கணக்கிட்டே காணவேண்டியதாயிற்று. கைவினையின் பெருமையும் அதன் இழப்பும் இவ்வொரு குறிப்பில் ஒருங்கே அடங்கியுள்ளன. யாழின் உறுப்பையும் செய்யுளின் கட்டையும் யாப்பு என்னும் ஒரு சொல்லாற் குறித்தனர் பண்டையோர். செய்யுள் யாப்பு நமக்கு எஞ்சியது. யாழின் யாப்பை அறிந்த கை எஞ்சவில்லை. இப்பகுதிகளைக் கற்பிக்குங்கால் உவமைநயத்தோடு நில்லாது, அக்கையின் தொழிலையும் மாணவர்க்கு உணர்த்துதல் நம் கடன்.