வெட்டவெளிக்கு ஒரு ஃபில்டர்

தில்லியில் இருக்கும் தமிழர்களுக்கு பாபா கரக் சிங் மார்க் என்றதும் முதலில் பூம்புகார் கடைதான் நினைவுக்கு வரும். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துப் போய், வாங்காமலே வெளியே கூட்டிவரும் இடம். அதே சாலையில், சிவாஜி ஸ்டேடியம் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால், எட்டு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம் நிற்கிறது. உள்ளே சாமி இல்லை, உச்சியில் கலசமும் இல்லை. 18 மீட்டர் கான்கிரீட், அதன் தலைமேல் 6 மீட்டர் கூரை, அடியில் சுற்றிலும் 40 ராட்சத மின்விசிறிகள். மேலேயிருக்கும் அழுக்குக் காற்றை உள்ளிழுத்து, அடுக்கடுக்கான ஃபில்டர்கள் வழியே கீழே இறக்கி, தரைமட்டத்தில் வெளியே தள்ளவேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்மாக் டவர். 2021 ஆகஸ்ட் 23 அன்று அப்போதைய முதல்வர் அர்விந்த் கேஜ்ரிவால் திறந்துவைத்தார். செலவு ஏறத்தாழ 20 கோடி ரூபாய்.

இந்தக் கோபுரத்தை யாரோ ஒருவருடைய மூடத்தனம் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. இதைக் கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். வடிவமைப்பில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பங்கு உண்டு. தொழில்நுட்ப வழிகாட்டலுக்கும், வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கும் ஐஐடி மும்பையும் ஐஐடி தில்லியும் இருந்தன. 2020 ஜூலையில் ஐஐடி மும்பை இதிலிருந்து விலகுவதாகச் செய்தி வந்தபோது நீதிபதிகள் கடுங்கோபம் கொண்டார்கள். அவமதிப்பு நடவடிக்கை என்ற பேச்சுகூட எழுந்தது. நிறுவனம் திரும்பி வந்தது. ஒரு பொறியியல் துறை 'இது எங்களுக்குச் சரிப்படாது' என்று சொல்ல முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டதை நான் இந்தக் கதையின் மையமாகப் பார்க்கிறேன். மீதியெல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கைப் பள்ளி மாணவரே போடலாம். ஒரு விசிறி நொடிக்கு 25 கனமீட்டர் காற்றைத் தள்ளும். 40 விசிறிக்கு 1,000 கனமீட்டர். ஒரு நாளைக்கு 8.64 கோடி கனமீட்டர். கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. தில்லியின் பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். குளிர்கால இரவில் மாசு அடைந்துகிடக்கும் காற்றடுக்கின் உயரத்தை 100 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மொத்தக் காற்று 14,830 கோடி கனமீட்டர். கோபுரம் ஒருமுறை எல்லாவற்றையும் உறிஞ்சி முடிக்க நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும், அதுவும் காற்று அசையாமல் காத்திருந்தால். காற்றோ நொடிக்கு ஒரு மீட்டர் என்று சோம்பலாக நகர்ந்தாலே ஒரே நாளில் 86 கிலோமீட்டர் போய்விடும். காலையில் ஃபில்டர் செய்தது மாலைக்குள் ஹரியாணாவிலோ உத்தரப் பிரதேசத்திலோ இருக்கும்.

இரண்டாண்டு அளவீட்டுக்குப் பின் தில்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திடம் சொன்னதும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை: 100 மீட்டர் ஆரத்துக்குள் மாசு 17 விழுக்காடு அளவுக்குக் குறையலாம், அவ்வளவுதான். ஒரு கோபுரத்துக்கு 100 மீட்டர் என்றால் தில்லியை மூட 47,000 கோபுரம் வேண்டும். தலைக்கு 20 கோடி வீதம் 9 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும். ஊரில் கோபுரம் தவிர வேறொன்றும் இருக்காது.

இங்கே பொறியாளர்களைக் கேலி செய்வது எளிது. நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். இந்தக் கோபுரத்தின் மதிப்பை ஒரு எண்ணாகச் சுருக்கி, அதை அரசே தீர்ப்பாயத்தில் ஒப்புக்கொள்ள வைத்தது அளவீடுதான். கோஷத்தையும் விளம்பரத்தையும் எந்தத் தலையங்கத்தாலும் இப்படித் தட்டையாக்கியிருக்க முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பின்மதியத்தில் காகிதத்தில் போட்டுவிடக்கூடிய கணக்குக்கு 20 கோடி கான்கிரீட் தேவைப்பட்டது. கேள்வி ஆய்வகத்தில் பிறக்கவில்லை. நீதிமன்றத்தில் பிறந்து, ஆணையாக ஆய்வகத்துக்கு வந்தது. 'தில்லியின் காற்றை எப்படிச் சுத்தமாக்கலாம்?' என்று கேட்டிருந்தால் வந்திருக்கும் பதில் ஒன்று; 'இந்தக் கோபுரம் எவ்வளவு சுத்தமாக்குகிறது?' என்று கேட்டதற்கு வந்த பதில் 17.

அதே பொறியியல் துறைகள் சரியான கேள்வி கிடைத்தால் என்ன செய்யும் என்பதற்கும் தில்லியிலேயே சான்று உண்டு. அது இவ்வளவு உயரமில்லை. 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தாள். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை 24 மணி நேரம் அதன் வழியே இழுப்பார்கள். மொத்தம் 24 கனமீட்டர். வைக்கும்போது வெள்ளை, எடுக்கும்போது, நவம்பர் மாதமானால், அடுப்புக்கரி தடவியது போல இருக்கும். கனமீட்டருக்கு 200 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்த நாளில் அந்தத் தாளில் ஏறும் எடை 5 மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு சிட்டிகை உப்பில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அதற்காகத் தாளை ஒரே வெப்பம், ஒரே ஈரப்பதமுள்ள அறையில் வைத்துப் பக்குவப்படுத்தி, முன்னும் பின்னும் மைக்ரோ தராசில் நிறுப்பார்கள். பிறகு துண்டுபோட்டு வேதியியல் பார்ப்பார்கள். சிலிக்கானும் அலுமினியமும் தூக்கலாக இருந்தால் மண்தூசி. பொட்டாசியம் இருந்தால் விறகும் வைக்கோலும். அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் நிறைய இருந்தால், எங்கிருந்தும் துகளாகப் புறப்படாமல் வாயுவாகக் கிளம்பி வழியில் துகளானவை.

2016 ஜனவரியில் ஐஐடி கான்பூரின் முகேஷ் சர்மாவும் ஓங்கார் தீக்ஷித்தும் தில்லி அரசுக்குக் கொடுத்த அறிக்கை இப்படி உருவானது. அதில் இரண்டு விதமான கணக்கு உண்டு. ஊருக்குள் யார் எவ்வளவு கக்குகிறார்கள் என்ற பட்டியலில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளில் சாலைத்தூசி 38 விழுக்காடு, வாகனம் 20, வீட்டு எரிபொருள் 12, தொழிற்சாலை 11. தாளில் உண்மையில் படிந்ததைப் பார்த்த கணக்கு வேறு கதை சொல்லியது: குளிர்காலத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இருப்பவை, வாயுவிலிருந்து பிறந்த அந்த இரண்டாம்நிலைத் துகள்கள். அவற்றின் வேர் தில்லிக்கு வெளியே உள்ள அனல்மின் நிலையங்கள் வரை போகும். மேடைகளில் எந்தப் பட்டியல் நிலைத்தது என்று சொல்லவேண்டியதில்லை. 38 நிலைத்தது. தூசிக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். லாரியில் தண்ணீர் நிரப்பி, பீரங்கி மாதிரி ஒரு குழாயால் மரங்களின் மீது அடித்தால் ஆயிற்று. அதை அடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அடுத்த படியாக வந்தது, தாளைக் கொண்டுபோய் மாதக்கணக்கில் காத்திராமல் மணிக்கு மணி மூலத்தைச் சொல்லும் ஆய்வுநிலையம். ஐஐடி கான்பூர் முன்னின்று, ஐஐடி தில்லியும் டெரி (TERI) நிறுவனமும் மொகாலி ஐசரும் (IISER) சேர்ந்து நடத்திய திட்டம்; 2023 ஜனவரியில் ரௌஸ் அவென்யூ பள்ளி வளாகத்தில் திறந்தார்கள். இன்றைய புகைக்கு இன்றைக்கே காரணம் சொல்லக்கூடிய கருவி. அதே ஆண்டு அக்டோபரில், புகைக்காலம் தொடங்கும் நேரத்தில், அது நின்றுபோனது. பாக்கிப் பணத்தை அதிகாரி நிறுத்திவிட்டார் என்றார் அமைச்சர். பாக்கி 2 கோடி. கோபுரத்தின் பத்தில் ஒரு பங்கு. நவம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது; அப்போது பூட்டிக்கிடந்த கோபுரத்தையும் ஓட்டச் சொன்னது. இரண்டையும் ஒரே மூச்சில்.

அளவீடு ஒருபக்கம் இருக்கட்டும். பொருளாகவே ஏதாவது செய்தார்களா என்றால், செய்தார்கள். ஐஐடி தில்லி மாணவர்கள் தொடங்கிய சக்ர் இன்னோவேஷன், டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாயிலேயே மாட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. பிடித்த கரியில் மை தயாரித்தது கூடுதல் சுவாரசியம். கோபுரத்துக்கும் இதற்கும் கொள்கையில் வித்தியாசம் இல்லை, இரண்டும் ஃபில்டர்தான். இடம்தான் வேறு. குழாய்வாயில் கரி அடர்ந்திருக்கிறது, ஊர்க்காற்றைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. பானைக்குள் இருக்கும் புளியை எடுப்பதற்கும் குளத்தில் கரைத்த புளியைத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம். இவ்வகைக் கருவிக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரநிர்ணயம் செய்தது. தலைநகர்ப் பகுதியில் ஜெனரேட்டர் ஓட்டவேண்டுமானால் இதுவோ எரிவாயு கலந்து ஓடும் ஏற்பாடோ வேண்டும் என்று விதியும் வந்தது. திறப்பு விழா மட்டும் இல்லை.

வேறு ஒரு பழைய சம்பவமும் இங்கே சேரும். அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துக்குத் தனிவழி. ஐஐடி தில்லியின் தினேஷ் மோகன், கீதம் திவாரி ஆகியோரின் போக்குவரத்து ஆய்வு மையம் நெடுநாள் வாதாடிய கருத்து; 2008-ல் திறந்தார்கள். அதில் குறைகள் இருந்தன. சந்திப்புகளில் சிக்னலுக்கு நிற்கும் நேரம் கொடுமை. ஆனால் கார்க்காரர்கள் கொதித்தது அதற்காக மட்டுமல்ல, தங்கள் சாலையில் ஒரு பட்டை பறிபோனதற்காக. வண்டிகளை எண்ணினால் திட்டம் தோல்வி, ஆட்களை எண்ணினால் பாதி வெற்றி என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது. உயர்நீதிமன்றம் அதை மூடச் சொல்ல மறுத்த பிறகும், 2016 வாக்கில் அரசே இடித்துவிட்டது. கோபுரம் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. அதனால்தான் நிற்கிறது.

யாரிடமும் எதையும் பறிக்காத இன்னொரு தீர்வு செயற்கை மழை. 2025 அக்டோபர் 28 அன்று ஐஐடி கான்பூரின் செஸ்னா விமானம் தில்லிமீது பறந்து மேகங்களில் சில்வர் அயோடைடு கலந்த உப்பைத் தூவியது. மேகத்தில் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. தில்லியில் மழை பெய்யவில்லை, நொய்டாவில் 0.1 மில்லிமீட்டர் என்று பதிவு. மறுநாள் நிறுத்திவைத்தார்கள். முழு வெற்றி இல்லை என்று கான்பூர் இயக்குநரே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அரசின் அறிக்கை, மயூர் விகாரில் பிஎம் 2.5 221-லிருந்து 207-க்கு இறங்கியது என்று பெருமைப்பட்டது. விமானம் பறக்காத இடங்களில் அதே நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பதைப் பக்கத்தில் வைக்காத எண் அது. எம்.டெக் மாணவர் ஆய்வேட்டில் இப்படி எழுதினால் வாய்மொழித் தேர்வில் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஐஐடி தில்லியின் வளிமண்டல அறிவியல் மையமோ 2011 முதல் 2021 வரையிலான தரவைப் பார்த்து, தில்லியின் குளிர்காலத்தில் விதைக்கத் தகுந்த மேகம் அமைவதே அரிது என்று எழுதியது. இரண்டு ஐஐடிகள், ஒன்றின் பதில் அறிக்கையில், மற்றதின் விமானம் வானத்தில்.

இதற்கு நிறுவனங்களும் பொறுப்பு. ஆலோசனைத் திட்டம் என்றால் அறிக்கை பணம் கொடுத்தவருக்குச் சொந்தம். எப்போது வெளிவரும் என்பதும் அவர் இஷ்டம். தரவரிசையில் கட்டுரைக்கும் மேற்கோளுக்கும் மதிப்பெண் உண்டு, 'வேண்டாம்' என்று சொல்லித் தடுத்த செலவுக்கு இல்லை. 2025 ஜூலையில் நிலக்கரி மின்நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கந்தக வாயுவைப் பிடிக்கும் கருவியிலிருந்து விலக்கு கொடுத்தபோது, அரசு சுட்டிய ஆய்வுகளின் பட்டியலில் ஐஐடி தில்லியின் பெயரும் இருந்தது. கந்தக வாயுதான் வழியில் சல்பேட் துகளாக மாறி தாளில் வந்து உட்காருகிறது என்பதை இத்தனை காலமும் நிறுத்துக் காட்டியவர்கள் இதே துறைக்காரர்கள்.

இனி ஒரு கருவியைக் காட்டி ஒப்பம் கேட்டு அரசு வந்தால், பேராசிரியர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லலாம். எந்த எண்ணுக்குக் கீழே போனால் தோல்வி என்பதை அடிக்கல் நாட்டும் முன்பே எழுதிவைப்பது ஒன்று. அளவீடு முடிந்த மூன்று மாதத்துக்குள் அறிக்கை முழுதும் வெளிவரும் என்பது இன்னொன்று. பாபா கரக் சிங் மார்க்கில் முதல் வரி மட்டும் 2020-ல் இருந்திருந்தால், அந்த இடத்தில் இன்று நாலு ஆட்டோ கூடுதலாக நின்றுகொண்டிருக்கும்.