இரத்தம் வேண்டாத பேய்

ஆங்கிலக் கதைகளில் இரத்தக்காட்டேரிக்குச் செல்வாக்கு மிகுதி. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’வில் அது கத்திக்கு இரையாகி மடிகிறது. அமெரிக்கராகிய ரிச்சர்டு மாதெசன் 1954-இல் வெளியிட்ட நவீனத்திலோ, கொள்ளைநோயால் உலகம் பாழானபின், நோயுற்றோருள் சிலர் மருந்தினால் அந்நோயை அடக்கி, மீண்டும் சமுதாயமாக வாழ முயல்கின்றனர். அந்நூலில் நம் நெஞ்சைத் தொடுவது இம்முயற்சியே.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. ‘நீலகேசி’ என்னும் சமண காவியத்தை நோக்குவோம். பாஞ்சால நாட்டுக் காளி கோயிலில் உயிர்ப்பலியைத் தடுத்த முனிசந்திரரை அழிக்கப் பழையனூர் நீலி வருகிறாள். அச்சுறுத்தினாள், பெண்ணுருக்கொண்டு மயக்கினாள், ஒன்றும் பலிக்கவில்லை. முடிவில் அவரிடமே அறங்கேட்டுக் கொலையைக் கைவிட்டாள். அதன்பின் அவள் ஆயுதம் பல்லன்று, சொல்லே. மருந்து செய்ததை இங்கே அறிவு செய்கிறது.

குறையும் உண்டு. திருந்திய நீலி பழைய பசியோடு நடத்திய போரைப் புலவர் விரித்துரைத்தாரில்லை. சமயவாதத்திலேயே நூல் விரைகிறது.

அப்பசியை நாம் அறிவோம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கிராணியாகிய நமக்கு, மேலோர் மனங்குளிரக் கொழுந்து நிறையில் இரண்டு கிலோ குறைத்தெழுதப் பேனா ஒன்றே போதும். ஒருநாள் எழுதியும் விட்டோம். கணக்குக் கேளாமல் சம்பளத்துக்குக் கைநீட்டிய அம்மூதாட்டியை இன்றும் மறக்கவியலவில்லை.

பிறர் இரத்தத்தில் வாழ வழியிருந்தும் வாழேன் என்பதே மனிதத்தன்மை. அதை ஒரு பேய் நமக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது!