வராத பதிலின் விலை

ஜெமினி கணேசன் சினிமாவுக்கு வருமுன் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். 1947இல் ஜெமினி ஸ்டுடியோவில் அவருக்குக் கிடைத்த வேலை, வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுப்பது. அந்த வேலைக்கென்றே ஸ்டுடியோ சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்த காலம். இன்று சில படங்களுக்குத்தான் கேஸ்டிங் டைரக்டர் உண்டு. மற்றவற்றில் உதவி இயக்குநர்களே ஆடிஷனையும் பார்த்துக்கொள்கிறார்கள். படம் நின்றுபோனால் அலுவலகமே காலியாகிவிடும். ஆடிஷன் என்ன ஆனது என்று யாரிடம் போய்க் கேட்பது?

தாம்பரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரிப் பக்கத்து இளைஞர்கள் வேலைக்கு லீவு போட்டு, மின்சார ரயிலில் கோடம்பாக்கம் இறங்கி, சாலிகிராமத்துக்கோ வளசரவாக்கத்துக்கோ பஸ் ஏறிப் போகிறார்கள். காத்திருந்து, இரண்டு நிமிடம் நடித்துக்காட்டுகிறார்கள். "கூப்பிடுறோம்" என்று அனுப்பிவைக்கிறார்கள். அதோடு சரி.

இந்த மௌனத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. இன்ஸ்டாகிராமில் ஓர் அறிவிப்புப் போட்டால் வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் வந்து குவிகின்றன. அத்தனை பேருக்கும் பதில் எழுத உட்கார்ந்தால் உதவி இயக்குநருக்கு வேறு வேலை ஓடாது. முதலில் முடிவானவர் கால்ஷீட் பிரச்சினையில் விலகினால் அடுத்தவரைத்தான் அழைக்க வேண்டும். 'இல்லை' என்று சொல்லிவிட்டவரை எந்த முகத்தோடு திரும்பக் கூப்பிடுவது என்ற தயக்கம் நியாயமானதே. தேர்வு செய்கிறவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருப்பதில்லை என்பது வேறு. 'பராசக்தி'யில் (1952) புதுமுகம் சிவாஜியை மாற்றிவிடலாம் என்று நினைத்தார் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஏவி. மெய்யப்பன்; மற்றவரான பி. ஏ. பெருமாள் விட்டுக்கொடுக்காததால்தான் சிவாஜி நிலைத்தார்.

ஆனால் இந்த மௌனத்தில் லாபம் பார்க்கிறவர்கள் வேறு ஆட்கள். மெய்யான கம்பெனி வாயே திறக்காத இடத்தில், "உங்க புரொஃபைல் ஓகே ஆகிடுச்சு, ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் பணம் அனுப்புங்க" என்று பேசுகிறவன் குரல் இனிக்கத்தான் செய்யும். மாதக்கணக்கில் பதிலுக்கு ஏங்கியவருக்கு அவன் மட்டும்தான் மரியாதை தெரிந்தவனாகப் படுகிறான். போலி ஆடிஷன்களைப் பற்றி எச்சரிக்கும் திரையுலகம், அவற்றுக்கு உரம் போடுவது தன் மௌனமும்தான் என்பதைப் பேசுவதில்லை. எண்ணிக்கையையும் கால்ஷீட்டையும் காட்டி மௌனத்தைக் காப்பாற்றுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

பிரிட்டனில் நடிகர் டேனி லீ வின்டர், ஆடிஷனுக்கு வந்தவருக்கு உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தையாவது சொல்லுங்கள் என்று இயக்கமே நடத்தினார். அங்கே நடிகர்களுக்காகப் பேச ஈக்விட்டி என்ற வலுவான சங்கமும் இருக்கிறது. இங்கே 1952 முதல் நடிகர் சங்கம் இருக்கிறது; இன்னும் ஒரு வேடம்கூடக் கிடைக்காத புதுமுகத்துக்கு அதில் இடம் ஏது?

எல்லாருக்கும் ஒரே மாதிரி பதில் வேண்டும் என்று கேட்பதும் சரியல்ல. வீடியோ மட்டும் அனுப்பியவருக்குத் தனிப் பதில் தேவையில்லை. 'இந்தத் தேதிக்குள் அழைப்பு வராவிட்டால் இந்த வேடத்துக்கு இல்லை' என்று அறிவிப்பிலேயே ஒரு வரி போதும். தேதி தள்ளிப்போனால் புதுத் தேதியைப் போடலாம். நேரில் வந்தவர்களுக்கு மொத்தமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி. இரண்டாம் சுற்றுவரை வரவழைத்து, ஒத்திகை பார்த்து, மற்ற வேலைகளை ஒத்திப்போடவும் வைத்தவருக்குப் போன் செய்தே சொல்ல வேண்டும். அதில் தப்பிக்க வழியில்லை. காரணம் மட்டும் சொல்ல வேண்டாம். நிறம், உயரம், மூக்கு என்று விளக்கப்போனால் வேடத்துக்கான தீர்ப்பு ஆளுக்கான தீர்ப்பாகிவிடும்.

நடிகர் பக்கமும் ஒழுங்கு வேண்டும். நள்ளிரவில் "சார், என்னாச்சு?" என்று தட்டிவிடுவதும், 'இல்லை' என்றவரிடம் ஏன் என்று மல்லுக்கு நிற்பதும்தான் பலரை அடுத்த முறை வாய்மூட வைக்கிறது.

அடுத்த கேஸ்டிங் கால் போஸ்டரை வடிவமைக்கும் உதவி இயக்குநர்களே, வயது, உயரம், வாட்ஸ்அப் எண்ணுக்குக் கீழே, அழைப்பு வருவதற்கான அந்தக் கடைசித் தேதியையும் போடுங்கள். ஆடிஷனுக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் பக்கத்திலேயே அச்சடியுங்கள்.