கப்பல் ஏற வேண்டியவர் யார்?

அந்தமானின் ஹேவ்லாக் தீவிலிருந்து போர்ட் பிளேர் போக அரசுக் கப்பலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் போனவரை அதில் ஏற்றி, அங்குள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையில் அரை மணி நேரம் பிசியோதெரபி செய்து திரும்பக் கொண்டுவந்தால், கூடப் போனவரின் ஒரு நாள் பிழைப்பும் போய்விடும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால் அந்த வழியும் இல்லை. கைபேசியில் பயிற்சி சொல்லித்தரும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அரிது. 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, சென்னையிலிருந்து வரும் கடலடி இணைய வடம் தொடும் தீவுகளில் ஹேவ்லாக்கும் ஒன்று.

வீடியோவில் நன்றாகவே பார்க்கக்கூடியவை உண்டு. நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறார், நடக்கும்போது கால் இழுபடுகிறதா, எத்தனை முறை செய்கிறார் என்பதெல்லாம் தெரியும். மருத்துவமனையில் காணக் கிடைக்காத வீட்டு வாசற்படியும் கழிப்பறையும்கூடத் தெரியும். நாளை ஒருவர் அழைத்துக் கேட்பார் என்ற நினைப்பே பலரைப் பயிற்சியை விடாமல் செய்ய வைக்கிறது.

ஆனால் தசையின் இறுக்கத்தைக் கையால் அசைத்துத்தான் உணர முடியும். கையைத் தூக்கச் சொன்னால், பலவீனமானவர் தோளை உயர்த்தி உடம்பைச் சாய்த்துத் தூக்கிவிடுவார். நேர் எதிரே வைத்த கேமராவுக்கு அது முன்னேற்றமாகவே தெரியும். பாசத்தோடு உதவும் மகன் விளங்காத கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு கெடும். வலி வந்தபின்தான் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியவரும்.

வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கையை இந்தியாவிலேயே பெரிய அளவில் சோதித்தார்கள். 'அட்டெண்ட்' என்ற அந்த ஆய்வில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகள் பங்கேற்றனர். முடிவு 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. பயிற்சி பெற்ற குடும்பத்தார் கவனித்த பிரிவிலும் வழக்கமான சிகிச்சைப் பிரிவிலும், ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் ஒரே அளவு: 47 சதவீதம். அங்கே வீட்டுக்கு ஆள் போயும் பலன் கூடவில்லை என்றால், வெறும் வீடியோவிடம் அதிகம் எதிர்பார்ப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

சென்னையில் பக்கவாதம் வந்தவர்களுக்காக உருவான 'கேர் ஃபார் ஸ்ட்ரோக்' கைபேசி முறையைக் களத்தில் சோதித்தபோது, இணைப்பும் படத்தெளிவும் சிக்கலாகி, திருத்த வேண்டியிருந்தது. ஹேவ்லாக்கில் மொழியும் சேர்ந்துகொள்ளும். கோவிந்த நகரிலும் ஷியாம் நகரிலும் இருப்பவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்திலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். வங்காள மொழியில் பேசாத செயலி அங்குள்ள முதியவருக்கு எதற்கு?

பிசியோதெரபிஸ்ட்டின் பாடும் எளிதல்ல. 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானது. அதில் இவர்களுக்கு இடமில்லை. வாட்ஸ்அப்பில் வந்து குவியும் வீடியோக்களை இரவில் பார்த்துப் பதில் சொல்வதை வேலை நேரமாக யார் கணக்கிடுவார்கள்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்ட்டையே வீட்டுக்கு அனுப்புகிறது. ஹேவ்லாக்குக்கும் அதுவே முதலில் வேண்டும். மாதம் ஒருமுறை அவர் தீவுக்கு வந்து, உடலைத் தொட்டுப் பார்த்து, பயிற்சியை மாற்றி, எங்கே பிடிக்க வேண்டும் என்று வீட்டாருக்குக் காட்டட்டும். இடைப்பட்ட வாரங்களுக்கு வீடியோ போதும். கப்பல் பயணத்தை நோயாளியின் தலையிலிருந்து இறக்கிச் சுகாதாரத் துறை ஏற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.